மூன்று நாள் சுரண்டிய கரி

பதினோராவது நிமிடத்தில் மோட்டார் முனக ஆரம்பித்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் நின்றே விட்டது. என் முதல் லிக்னின் வெப்பச்சிதைவுச் சோதனை அதோடு முடிந்தது.

செய்ய நினைத்தது எளிமையான வேலைதான். பழுப்பு நிறத்தில், முகத்துக்குப் போடும் பவுடரைப் போல மெல்லியதாக இருக்கும் லிக்னின் தூளை, திருகுபோல் சுழன்று தூளைத் தள்ளும் ஸ்க்ரூ ஃபீடர் வழியாக 500 டிகிரி செல்சியஸில் இருக்கும் உலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். உலைக்குள் நைட்ரஜன் மட்டும்தான், ஆக்சிஜன் கிடையாது. அதனால் தூளுக்கு எரிய வழியில்லை. சூடு தாங்காமல் மூலக்கூறுகள் உடையும். கிளம்பும் ஆவியைக் குளிர வைத்தால் எண்ணெய் கிடைக்கும். அடங்காதது வாயுவாகப் போகும். மிஞ்சுவது கரி. அதற்கு முந்தைய வாரம் இதே உலையில் மரத்தூளைப் போட்டு ஓட்டியிருந்தேன், சொன்னபடி கேட்டது. லிக்னின் மரத்தின் ஒரு பகுதிதானே, அதுவும் கேட்கும் என்று நம்பினேன்.

உலை ஆறியதும் திறந்தால், ஃபீடர் முனையிலிருந்து உலையின் பாதி வரைக்கும் பளபளவென்று ஒரு கருங்கட்டி. பொங்கி, நுரைத்து, அப்படியே உறைந்துபோயிருந்தது. கொல்லன் உலையில் அடியில் தங்கும் கசடு நினைவுக்கு வந்தது. பட்டறையில் வேலை பார்க்கும் மூத்த டெக்னீஷியன் வந்து உளியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"இது பவுடர் இல்ல தம்பி, சிமெண்டு."

அவரும் நானும் மூன்று நாள் சுரண்டினோம். சுரண்டியதையெல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டினேன். ஒரே ஒரு துண்டை மட்டும் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். ஆராய்ச்சிக்காக இல்லை, கோபத்தில்.

டெக்னீஷியன் அண்ணன் விளையாட்டாகச் சொன்னாலும், லிக்னினுக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பிறகு படித்த எந்தப் பாடநூலிலும் பார்க்கவில்லை. மரம் ஒரு கான்கிரீட் தூண் என்றால், செல்லுலோஸ் இழைகள் அதற்குள் ஓடும் கம்பி. அந்தக் கம்பிகளைச் சூழ்ந்து இறுக்கிப் பிடித்திருப்பது லிக்னின். தண்ணீரை வேரிலிருந்து உச்சிக்கு ஏற்றும் குழாய்கள் உள்ளிழுக்கப்பட்டு ஒடுங்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம். மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதுதான். ஊசியிலை மரங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதல், புல்வகைகளில் குறைவு. 1813-ல் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் தெ கண்டோல் இதற்குப் பெயர் வைத்தார். லத்தீனில் லிக்னம் என்றால் மரக்கட்டை.

(இடையில் ஒன்று. வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, அதன் கருமைக்கும் பூச்சி அரிக்காத குணத்துக்கும் லிக்னின் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பெருமை பெரும்பாலும் கட்டையின் நடுவில் சேரும் வேறு சாற்றுப்பொருள்களுக்குப் போக வேண்டியது. லிக்னின் வெளிக்கட்டையிலும் இருக்கிறது.)

செல்லுலோஸின் அமைப்பைப் புரிந்துகொள்வது சுலபம். குளுக்கோஸ் மணிகளை ஒரே மாதிரி முடிச்சுப் போட்டுக் கோத்த மாலை அது. முடிச்சு தெரிந்தால் அவிழ்க்கும் வழியும் தெரியும். லிக்னினில் அந்த ஒழுங்கு கிடையாது. கூமரைல், கோனிஃபெரில், சினாபில் என்று மூன்று ஆல்கஹால்கள்தான் அதன் முக்கியக் கச்சாப்பொருள். மூன்றிலும் ஒரு பென்சீன் வளையம் உண்டு. தாவரத்தின் நொதிகள் இவற்றைத் தனிமின்னணு கொண்ட ரேடிக்கல்களாக மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அப்புறம் யார் யாரைச் சந்திக்கிறார்களோ அவர்களோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஊசியிலை மரங்களில் கோனிஃபெரில் வகையே மிகுதி. அகன்ற இலை மரங்களில் அதோடு சினாபிலும் சேரும், புற்களில் மூன்றும் இருக்கும்.

இப்படி உருவான பிணைப்புகளில் ஏறக்குறைய பாதி, பீட்டா–ஓ–4 என்று குறிக்கப்படும் ஈதர் பிணைப்பு. இரண்டு அலகுகளுக்கு நடுவில் ஒரு ஆக்சிஜன் அணு நின்று கைகோத்துக்கொடுக்கும் பிணைப்பு இது. மற்றவற்றில் பல, கார்பனும் கார்பனும் நேராகப் பிடித்துக்கொண்டிருக்கும் முரட்டுப் பிணைப்புகள். ஆக்சிஜன் நடுவில் இருப்பது பலவீனமானது, சூட்டில் முதலில் விடும். கார்பன்–கார்பன் பிணைப்புகளில், குறிப்பாக இரண்டு வளையங்கள் நேராக ஒட்டியவை, 500 டிகிரியில்கூட அசையாது. வெப்பச்சிதைவில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

எதற்காக இதை உடைக்க வேண்டும்? உயிர்ப்பொருள்களில் பென்சீன் வளையங்கள் இவ்வளவு பெரிய அளவில் கிடைக்கும் இடம் வேறு இல்லை. ஃபீனால், டொலுவீன், பிசின், பிளாஸ்டிக், சாயம் என்று வளையம் கொண்ட பொருள்கள் வேண்டுமென்றால் நாம் பெட்ரோலியத்திடம் போய் நிற்கிறோம். இன்னொரு பக்கம், உலகத்துக் காகிதக்கூழ் ஆலைகள் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் மேலாக லிக்னினை மரத்திலிருந்து பிரித்தெடுக்கின்றன. பொருளாக விற்பனைக்கு வருவது அதில் சுமார் 2 சதவீதம்.

மீதி எங்கே போகிறது? அடுப்புக்கு. காகிதக்கூழில் பெரும்பகுதி கிராஃப்ட் முறையில் தயாராகிறது. மரச்சில்லுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் 170 டிகிரி வாக்கில் அழுத்தத்தில் வேகவைப்பார்கள். லிக்னின் கரைந்து வெளியேறும், செல்லுலோஸ் நாராக நிற்கும். கரைந்து வரும் கருநீரைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரித்தால் ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் கிடைக்கும். அடியில் உருகி வழியும் உப்புகளிலிருந்து வேகவைக்கப் போட்ட ரசாயனங்களையும் மீட்டுக்கொள்ளலாம். லிக்னினின் எரிதிறன் கிலோவுக்கு 26 மெகாஜூல் அளவில் இருக்கிறது. செல்லுலோஸுக்குச் சுமார் 17 தான். ஆகவே ‘கழிவை வீணடிக்கிறார்கள்’ என்று யாராவது எழுதினால் நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வேன். அவர்கள் எதையும் வீணடிக்கவில்லை. நீங்கள் லிக்னினை எடுத்துக்கொண்டு போனால், அந்த இடத்தில் வேறு எரிபொருள் வாங்கிப் போட வேண்டும். உங்கள் ரசாயனம் முதலில் அந்தச் செலவை ஈடுகட்டியாக வேண்டும்.

ஆனால் ஒரு சந்து இருக்கிறது. பல ஆலைகளில் அந்த மீட்புக் கொதிகலன்தான் முட்டுக்கட்டை. இன்னும் கூழ் தயாரிக்க ஆசை இருந்தாலும், வரும் கருநீர் முழுவதையும் எரிக்கக் கொதிகலனால் முடியாது. அங்கே கருநீரில் கரியமில வாயுவைச் செலுத்தி லிக்னினில் ஒரு பகுதியைப் படியவைத்து வெளியே எடுத்தால், ஆலை மூச்சு விடும். லிக்னோபூஸ்ட் என்ற முறை இதைத்தான் செய்கிறது. 2013-ல் வட கரோலினாவில் டோம்டார் நிறுவனத்தின் பிளிமத் ஆலையிலும், 2015-ல் பின்லாந்தில் ஸ்டோரா என்சோ நிறுவனத்தின் சுனிலா ஆலையிலும் அது நிலைக்கு வந்தது. சுனிலாவில் கூழ் உற்பத்தி 2023-ல் நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லிக்னின் நல்ல பொருளாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுமந்து நிற்கும் கூழ் வியாபாரமும் நன்றாக நடக்க வேண்டும்.

லிக்னினிலிருந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம், பணத்தைத் தவிர என்று இந்தத் துறையில் ஒரு பழைய கிண்டல் உண்டு. மாநாடுகளில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் எல்லோரும் சிரிப்போம், கொஞ்சம் வலியோடு.

சரி, உலைக்குள் என்ன நடந்தது?

மரத்தைச் சூடாக்கினால் அதன் மூன்று பகுதிகளும் வெவ்வேறு நேரத்தில் விடைபெறும். செல்லுலோஸைவிடக் குட்டையான சர்க்கரைச் சங்கிலியான ஹெமிசெல்லுலோஸ் 220 முதல் 315 டிகிரிக்குள் சிதையும். செல்லுலோஸ் 315 முதல் 400-க்குள், கிட்டத்தட்ட ஒரே மூச்சில் போய்விடும். லிக்னினுக்கு அந்த மாதிரி நேரம் காலம் கிடையாது. 160 டிகிரியில் ஆரம்பித்து 900 வரை அது சிதைந்துகொண்டே இருக்கும். ஒழுங்கில்லாத அமைப்பு என்றேன் அல்லவா, ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தனக்கான சூடு வரும்போது உடைகிறது. எடைக்குறைவு வரைபடத்தில் செல்லுலோஸ் ஒரு கூர்மையான பள்ளம் போடும். லிக்னின் நீளமான, சோம்பலான ஒரு சரிவாகத் தெரியும்.

சிதையத் தொடங்கும் முன்பே அது இளகிவிடுகிறது. இதைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. கிராஃப்ட் லிக்னின் 150 டிகிரி வாக்கிலேயே மென்மையாகி ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்துவிடும். என் ஃபீடரின் முனை உலையை ஒட்டி இருந்ததால் நிச்சயம் அதைவிடச் சூடாக இருந்திருக்கும். தூள் அங்கேயே பிசுபிசுத்துப் பந்தாகி, உள்ளே கிளம்பிய வாயு அதை நுரையாக ஊதி, மேற்கொண்டு ஏறிய சூடு அந்த நுரையை அப்படியே கெட்டியாக்கிவிட்டது. மரத்தூளில் இது நடக்காததற்குக் காரணம், அங்கே செல்லுலோஸ் கம்பி கட்டடத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது.

எனக்கு ஆறுதல் தந்தது 2010-ல் வெளிவந்த ஒரு கூட்டு ஆய்வு. எட்டு நாடுகளைச் சேர்ந்த 14 ஆய்வகங்கள் ஒரே லிக்னின் மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டு தங்கள் விரைவு வெப்பச்சிதைவு உலைகளில் ஓட்டிப் பார்த்தன. ஓரளவு தூய்மையான லிக்னின் அங்கும் இளகி, கட்டிப்பட்டு, பலரையும் படுத்தியிருக்கிறது. சாதாரண உயிர்ப்பொருளுக்காகக் கட்டிய உலை இதற்குச் சரிப்படாது, வேறு வடிவமைப்பு வேண்டும் என்றுதான் அவர்களும் முடித்தார்கள். இதைச் சுரண்டுவதற்கு முன்பே படித்திருக்கலாம்.

இளகுவது பாதிக் கதை. மறுபாதி, உடைந்தவை மறுபடி ஒட்டிக்கொள்வது. ஈதர் பிணைப்பு விடும்போது இரு பக்கமும் ரேடிக்கல்கள் பிறக்கின்றன. அவற்றுக்கு ஒரு ஹைட்ரஜன் கிடைத்தால் அமைதியாகிச் சின்ன மூலக்கூறாக ஆவியாகி ஓடிவிடும். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவனைப் பிடித்துக்கொள்ளும், இந்த முறை ஆக்சிஜன் இடையில் இல்லாமல் கார்பனோடு கார்பனாக. அது இனி எளிதில் உடையாது. 400 டிகிரிக்கு மேலே வளையத்தில் தொங்கும் மீத்தாக்சி தொகுதிகளும் உடைந்து, மீத்தேனாகப் போவதோடு புதிய ரேடிக்கல்களையும் விட்டுவிட்டுப் போகும். ஆவி எவ்வளவு சீக்கிரம் சூடான இடத்தை விட்டு வெளியேறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விரைவு வெப்பச்சிதைவில் ஆவியை இரண்டு நொடிக்குள் வெளியே இழுத்துக் குளிரவைக்க வேண்டும் என்பது இதனால்தான். என் கட்டியின் நடுவில் மாட்டிக்கொண்ட ஆவிக்கு இரண்டு நொடி என்ன, இரண்டு நிமிடத்தில்கூட வெளியேற வழியிருந்திருக்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பிடித்தது என்பதைவிட, என் ஆணவத்தைக் குறைத்தது என்று சொல்லலாம். லிக்னினை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஒரு கண்ணி தனியாக விடுபட வேண்டுமானால் அதன் இரண்டு பக்கப் பிணைப்பும் உடையக்கூடியதாக இருக்க வேண்டும். பிணைப்புகளில் பாதி உடையக்கூடியது என்றால், இரண்டும் அப்படி அமைவதற்கான வாய்ப்பு பாதியில் பாதி, அதாவது 25 சதவீதம். எழுபது சதவீதம் உடையக்கூடியதாக இருந்தால் 49. நாம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக உடைத்தாலும், எந்த வினையூக்கியைப் போட்டாலும், கார்பன்–கார்பன் பிணைப்பைத் தொடாதவரை இதற்கு மேல் ஒற்றை மூலக்கூறுகள் வராது. இது மரத்துக்குள் கைபடாமல் இருக்கும் லிக்னினுக்கான உச்சவரம்பு. கிராஃப்ட் லிக்னின் ஏற்கெனவே 170 டிகிரியில் காரத்தில் வெந்து, ஈதர் பிணைப்புகளில் பெரும்பகுதியை இழந்து, மறுபடி ஒட்டியும் வந்திருக்கிறது. உடைப்பதற்கு அதில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். வெப்பச்சிதைவில் இத்தகைய ஆலை லிக்னினிலிருந்து அடையாளம் காணக்கூடிய ஒற்றை ஃபீனால்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் பெரும்பாலும் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதுவும் ஒரே பொருள் இல்லை, பல டஜன் பொருள்கள் கலந்தது.

மரத்தை முதலில் செல்லுலோஸுக்காகப் பக்குவப்படுத்திவிட்டு மிச்சத்தைக் கையில் எடுக்காமல், லிக்னினை அது மரத்திலிருந்து வெளிவரும் கணத்திலேயே வினையூக்கியும் ஹைட்ரஜனும் கொண்டு பிடித்து நிலைப்படுத்துவது என்று இன்னொரு சிந்தனைப் பள்ளி இருக்கிறது. அகன்ற இலை மரங்களில் அவர்கள் மேலே சொன்ன உச்சவரம்பின் அருகிலேயே போகிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கரைப்பான் வேண்டும், அழுத்தம் வேண்டும், மரமே வேண்டும். ஆலைகளில் குவியும் லிக்னினுக்கு அவர்களிடம் பதில் இல்லை.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். அந்த வாசனைக்காகவே சொல்ல வேண்டும். இரண்டாவது, மூன்றாவது முயற்சிகளில் குளிர்விப்பானில் கொஞ்சம் சேர்ந்தது: கரும்பழுப்பு, பிசுபிசுப்பு, புகை மூட்டிய வாசனை. குவாயகால் என்ற பொருளின் கைவரிசை அது. விறகுப்புகை எங்கே வந்தாலும் நம் மூக்கு முதலில் அடையாளம் காண்பது இந்தக் குடும்பத்தைத்தான். கூடவே சிரிங்கால், கேட்டகால், கிரெசால், ஃபீனால், கொஞ்சம் வனிலின் (வெனிலா வாசனை தருவது). கிராஃப்ட் லிக்னின் என்றால் ஆலையில் வெந்தபோது ஏறிய கந்தகமும் வரும். அழுகிய முட்டைக்கோஸ் வாடை ஒன்று எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்துகொள்ளும். சட்டையை இரண்டு முறை துவைத்தாலும் போகாது.

இது ஒன்றும் புதுக் கலை இல்லை. கரிமூட்டம் போட்டவர்கள் எல்லோரும் வெப்பச்சிதைவு செய்தவர்கள்தான். பைன் மரத்திலிருந்து வடித்த தாரைப் பூசித்தான் ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்கள் பல நூற்றாண்டுகள் ஓடின. 1832-ல் கார்ல் ரைஷன்பாக் மரத்தாரிலிருந்து கிரியோசோட்டைப் பிரித்தார். குவாயகாலும் கிரியோசாலும்தான் அதன் உயிர்நாடி. மெத்தனாலுக்கு மரச்சாராயம் என்று பெயர் வந்ததும் மரத்தை மூடிய பாத்திரத்தில் சுட்டு வடித்த காலத்தில்தான். 1923-ல் ஜெர்மனியின் பாஸ்ஃப் (BASF) நிறுவனம் வாயுக்களிலிருந்து மெத்தனாலைத் தொகுக்கத் தொடங்கியதும் அந்தத் தொழில் சுருங்கிப்போனது. நாங்கள் பழைய வேலையைத் துருப்பிடிக்காத எஃகில் செய்கிறோம், அவ்வளவுதான்.

எண்ணெயை என்ன செய்வது? எளிய வழி, பிரிக்காமலேயே பயன்படுத்துவது. ஒட்டுப்பலகைகளை ஒட்டும் ஃபீனால்–ஃபார்மால்டிஹைடு பிசினில் ஃபீனாலின் ஒரு பகுதிக்குப் பதிலாக இந்த ஃபீனால் கலவையை ஊற்றலாம். பிசினுக்கு ஒவ்வொரு மூலக்கூறின் பெயரும் தெரிய வேண்டியதில்லை, ஃபார்மால்டிஹைடு வந்து ஒட்ட வளையத்தில் காலியிடம் இருந்தால் போதும். சிரிங்காலில் அந்த இடங்களை மீத்தாக்சிகள் அடைத்துக்கொண்டிருப்பதால், ஊசியிலை மர லிக்னின் இந்த வேலைக்கு மேல். கனமான பகுதியை நிலக்கீலில் கலக்கலாம். 2010-ல் அமெரிக்காவின் டெ மாய்ன் நகரில் ஒரு சைக்கிள் பாதையை இப்படி வெப்பச்சிதைவு எண்ணெயின் கனப்பகுதி கலந்த நிலக்கீலால் போட்டார்கள். நான் பார்த்த பயன்களில் இது மிகவும் அடக்கமானது, அதனாலேயே எனக்கு நம்பிக்கை தருவது.

தனித்தனி ரசாயனமாகப் பிரிக்கப் போனால்தான் தலைவலி. வனிலினை எடுத்துக்கொள்வோம். லிக்னினிலிருந்து வனிலின் எடுப்பது 1930-களிலேயே அமெரிக்காவில் தொழிலாக நடந்தது. நார்வேயின் போரகார்ட் நிறுவனம் இன்றும் செய்கிறது. ஆனால் அது சல்ஃபைட் கூழ் ஆலையின் லிக்னினை ஆக்சிஜன் கொண்டு உடைக்கும் முறை, வெப்பச்சிதைவு இல்லை. உலகத்தில் விற்கும் வனிலினில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து வரும் குவாயகாலைக் கொண்டு செய்யப்படுவது. அந்தக் குவாயகால் என் குளிர்விப்பானில் தானாக வந்து விழுகிறது, ஆனால் கூடவே நாற்பது உறவினர்களையும் கூட்டிக்கொண்டு. அவர்களை ஒவ்வொருவராக வெளியேற்றும் செலவில் பெட்ரோலியக் குவாயகாலை வாங்கிவிடலாம். காய்ச்சிப் பிரிக்கலாம் என்றால் எண்ணெயே சூட்டில் மீண்டும் கட்டிப்படும். சும்மா அலமாரியில் வைத்தாலும் சில வாரங்களில் கெட்டியாகும்.

நுண்துளைகள் நிறைந்த கனிமமான ஜியோலைட்டை வினையூக்கியாகப் போடுவது இன்னொரு பெரிய நம்பிக்கையாக இருந்தது. ஆவியை இசட்எஸ்எம்-5 என்ற ஜியோலைட் வழியாக விட்டால் ஆக்சிஜனை உதறிவிட்டு பென்சீன், டொலுவீன், சைலீன் என்று பெட்ரோலியத் தொழிலுக்குப் பழக்கமான பொருள்களாக வெளிவரும். நிஜமாகவே வருகிறது, நான் செய்திருக்கிறேன். ஆனால் அதன் துளைகள் 0.55 நானோமீட்டர் அளவுதான். ஒற்றை வளையம் நுழையும். இரட்டையும் மும்மையுமாக வரும் துண்டுகள் வாசலிலேயே உட்கார்ந்து கரியாகி வழியை அடைத்துவிடும். ஹைட்ரஜன் சேர்த்து ஆக்சிஜனை நீக்கும் வழியும் உண்டு. அதற்கு ஹைட்ரஜன் வாங்க வேண்டும்.

ஆக, ஒவ்வொரு வழியிலும் ஒரே எதிரி: கரி. லிக்னினை வெப்பச்சிதைவு செய்தால் எடையில் சுமார் 40 சதவீதம் கரியாகவே நிற்கிறது. எங்கள் துறையின் கட்டுரைகளைப் புரட்டினால், கரி உருவாவதைத் தடுப்பது எப்படி என்று முக்கால்வாசி இருக்கும். நானும் அப்படி எழுதியவன்தான். கரி சதவீதம் குறைந்த நாள் நல்ல நாள், கூடிய நாள் கெட்ட நாள்.

இந்தக் கண்ணோட்டம் மாறியதற்கு ஒரு பழைய கட்டுரை காரணம். டிஎன்ஏ ஆய்வால் நாமறிந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அதற்கு முன்னால் கரியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1951-ல் அவர் கரிகள் இரண்டு சாதி என்று காட்டினார். ஒன்று, சூடேற்றினால் அடுக்குகள் ஒழுங்காகப் படிந்து கிராஃபைட் ஆகிவிடும். இன்னொன்று, 3000 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் ஆகாது; குட்டி அடுக்குகள் தாறுமாறாகக் குறுக்கே பிணைந்து, இடையில் நுண்துளைகளை விட்டபடி அப்படியே விறைத்து நிற்கும். கட்டிப்படும் முன்பே குறுக்குப்பிணைப்பு போட்டுக்கொள்ளும் ஆக்சிஜன் மிகுந்த பொருள்கள் வன்கரி எனப்படும் இந்த இரண்டாவது வகைக்குப் போகின்றன. லிக்னின் அந்தக் கட்சி.

இந்த வன்கரிக்கு அரை நூற்றாண்டு கழித்து ஒரு வேலை வந்தது. லித்தியம் மின்கலத்தில் கிராஃபைட் பயன்படுகிறது, லித்தியம் அதன் அடுக்குகளுக்கிடையே வசதியாக உட்காரும். சோடியம் மின்கலத்தில் கிராஃபைட் கிட்டத்தட்ட உதவாது. ஆனால் விலகி நிற்கும் அடுக்குகளும் நுண்துளைகளும் கொண்ட வன்கரியில் சோடியத்துக்கு இடம் இருக்கிறது. கிராமுக்கு 300 மில்லியாம்பியர்-மணி அளவில் நல்ல வன்கரிகள் மின்னூட்டத்தைப் பிடிக்கின்றன. ஸ்டோரா என்சோ லிக்னோட் என்ற பெயரில் லிக்னினிலிருந்து மின்முனைக் கரி செய்யும் சோதனை ஆலையை 2021-ல் சுனிலாவில் தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான்.

கார்பன் இழை இன்னொரு கதை, இன்னும் பழைய ஏமாற்றம் என்று சொல்லலாம். ஜப்பானில் 1960-களின் கடைசியிலேயே காயாகார்பன் என்ற பெயரில் லிக்னின் இழை விற்பனைக்கு வந்து, பிறகு நின்றும் போனது. இன்றைய கார்பன் இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பாலிஅக்ரிலோநைட்ரைல் வழி வருவது. லிக்னின் இழையின் இழுவலிமை பெரும்பாலும் 1 கிகாபாஸ்கல் பக்கமே நிற்கிறது. பாலிஅக்ரிலோநைட்ரைல் இழையோ 3-க்கு மேல் சாதாரணமாகப் போகிறது. விமானத்துக்கு லிக்னின் இழை வேண்டாம். எனக்கு இதில் சுவாரசியமானது வேறொன்று. இழையாக இழுக்க லிக்னின் உருக வேண்டும். இழுத்த இழை உலையில் உருகி ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் காற்றில் 200 முதல் 300 டிகிரி வரை ஆமை வேகத்தில் சூடேற்றி, உருகும் குணத்தைக் கொல்கிறார்கள். அகன்ற இலை மர லிக்னின் நன்றாக உருகும், ஆனால் இறுகச் சோம்பல்படும். ஊசியிலை மர லிக்னின் சீக்கிரம் இறுகும், ஆனால் உருக மறுக்கும். என் ஃபீடரை அடைத்த அதே இளக்கத்தை, அதே இறுக்கத்தை, அவர்கள் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாகப் பொறுமையாகப் பயன்படுத்துகிறார்கள்.

கரியைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்பதற்காக எண்ணெயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் மூலப்பொருளில் ஐந்தில் இரண்டு பங்கு எப்படியும் கரியாகத்தான் போகப்போகிறது என்றால், அதைக் கழிவாகக் கணக்கில் எழுதிவிட்டு எண்ணெயிடம் முழு லாபத்தையும் கேட்பது நியாயமில்லை. கரிக்கு முதலில் விலை வைத்துவிட்டு, வரும் எண்ணெயைப் பிசினுக்கோ சாலைக்கோ கொடுத்தால் கணக்கு வேறு மாதிரி வரும். இதிலும் சிக்கல் உண்டு. கிராஃப்ட் லிக்னினோடு வரும் சோடியத்தையும் கந்தகத்தையும் கழுவ வேண்டும். 1200 டிகிரிக்கு மேல் சூடேற்ற மின்சாரம் வேண்டும். அந்தச் சூட்டில் கரியின் எடை இன்னும் கொஞ்சம் குறையும்.

ஃபீடர் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. 2015-ல் அயோவாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் லிக்னினை முன்கூட்டியே கால்சியம் ஹைட்ராக்சைடோடு கலந்து வைத்தால் கட்டிப்படுவது அடங்கும் என்று காட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு லிக்னினின் அமிலத் தொகுதிகளோடு வினைபுரிந்து அதன் இளகும் குணத்தைக் குறைக்கிறது. நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து, காயவைத்து, சலித்துப் போட்டேன். நாற்பது நிமிடம் மோட்டார் முனகவே இல்லை. டெக்னீஷியன் அண்ணன் பக்கத்தில் உளியோடு தயாராக நின்றிருந்தார். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் திரும்பிப் போனார்.

இழுப்பறையில் கிடந்த துண்டை வெகுநாள் கழித்துத்தான் எடுத்தேன். பொடித்து, அமிலத்தில் கழுவி, ஆர்கானில் 1300 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். மின்கலம் செய்யும் நண்பர் ஒருவர் அதைப் பூசி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சோடியம் கலம் செய்து கொடுத்தார். முதல் சுற்றில் ஏற்றியதில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தரவில்லை, விழுங்கிவிட்டது. அதற்கப்புறம் கிராமுக்கு 220 மில்லியாம்பியர்-மணி பக்கத்தில் நின்றது. யாரும் கட்டுரை எழுதும் எண் இல்லை. ஆனால் கோபத்தில் எடுத்து வைத்த, எந்தப் பக்குவமும் பார்க்காத துண்டுக்கு அது மோசமும் இல்லை.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் அண்ணனிடம் காட்டினேன். எது ஏற்றுவது, எது இறக்குவது என்று கேட்டுப் புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கேட்டார்:

"அப்ப மூணு நாள் சுரண்டினோமே, மிச்சத்த எங்க தம்பி கொட்டின?"